ஜீப்புக்கு மறுபடி பெயிண்ட்: ரெட் ஆக்சைடில் வீணான இரண்டு நாளும் 33,080 ரூபாய்க் கணக்கும்

வண்டி போடி மலையடிவாரத்தில் ஏலத்தோட்ட வேலைக்கு ஓடும் மகிந்திரா எம்.எம். 540. பானட் ஓரத்தில் நகத்தை விட்டு நெம்பினால் உள்ளங்கை அகலத்துக்குப் பெயிண்ட் அப்பளம் மாதிரி கழன்று வந்தது. மட்கார்டு விளிம்பெல்லாம் பொருக்கு. பின்பக்கத் தரையில் பெயிண்ட் என்று சொல்ல எதுவும் இல்லை, துரு மட்டும்தான். மாசியில் தொடங்கி, நடுவில் நின்று நின்று, மொத்தம் 19 வேலை நாளில் முடிந்தது. அதில் இரண்டு நாள் சுத்தமாக வீண். அது எப்படி வீணானது என்பதுதான் இந்தப் பதிவில் பயன்படக்கூடிய பகுதி.

உரிந்த சில்லைத் திருப்பிப் பார்ப்பது

பெயிண்ட் உரிகிறது என்றால் உடனே உப்புத்தாளை எடுக்கக் கூடாது. உரிந்த சில்லைத் திருப்பி அதன் முதுகைப் பார்க்க வேண்டும். பானட்டில் வந்த சில்லின் முதுகு கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருந்தது. அதாவது, முன்பு அடித்தவர்கள் பழைய பளபளப்பைத் தேய்க்காமலே அதன் மேல் அடித்துவிட்டார்கள். புதுப் பெயிண்ட் பிடித்துக்கொள்ள அங்கே எதுவும் இல்லை. மட்கார்டுச் சில்லின் முதுகிலோ காப்பித்தூள் நிறத்தில் துருப்பொடி ஒட்டியிருந்தது. அங்கே தகடு துருப்பிடித்து, துரு பெயிண்ட்டைத் தூக்கியிருக்கிறது. பார்வைக்கு இரண்டும் "உரியுது"தான். ஆனால் முன்னதற்குத் தேய்ப்பு போதும், பின்னதற்குத் தகடு வரை போயாக வேண்டும்.

அடுத்து, பானட் நடுவில் 120 நம்பர் தாளால் ஒரு ரூபாய் அளவுக்குக் குழி போலத் தேய்த்தோம். வளையம் வளையமாக ஐந்து அடுக்கு தெரிந்தது: மேலே பிரஷ்ஷால் அடித்த பச்சை சிந்தெடிக் எனாமல், அதன் கீழே மெல்லிய வெள்ளைப் பட்டி (பள்ளம் நிரப்பும் பசை), ஒரு நீலம், சாம்பல் பிரைமர், அடியில் வெள்ளை. சில்லை ஸ்க்ரூ கேஜில் வைத்தால் 0.62 மில்லிமீட்டர். கடையில் இருந்து வரும் புது வண்டியில் மொத்தப் பெயிண்ட்டும் பெரும்பாலும் 0.1 முதல் 0.15 மில்லிமீட்டருக்குள்தான் இருக்கும். இவ்வளவு தடிமன் வெயிலில் தகட்டோடு சேர்ந்து விரிந்து சுருங்க முடியாது, எங்காவது வெடிக்கும். எனவே மேலே மட்டும் தேய்த்து அடிக்கும் யோசனையை அங்கேயே விட்டுவிட்டோம்.

ஒட்டியிருப்பதாகத் தோன்றிய இடங்களுக்கும் ஒரு சோதனை உண்டு. பிளேடால் 2 மில்லிமீட்டர் இடைவெளியில் ஆறு கோடு, குறுக்கே ஆறு கோடு, மேலே நல்ல டேப்பை அழுத்தி ஒட்டிச் சடாரென்று இழுப்பது. இடது கதவுத் திறப்புக்குப் பக்கத்தில் 25 கட்டத்தில் 17 டேப்போடு வந்துவிட்டது. கண்ணுக்கு அந்த இடம் நன்றாகத்தான் இருந்தது.

கழற்றியதும் உரித்ததும்

பானட், இரண்டு மட்கார்டு, விண்ட்ஷீல்டு ஃபிரேம், பின்கதவு, சீட், கிரில் எல்லாம் கழற்றினோம். பாடியை சேசிஸிலிருந்து தூக்கவில்லை. தூக்கியிருக்க வேண்டும். மட்கார்டு போல்ட்டுகளுக்கு முந்தின இரவே டீசல் ஊற்றி வைத்தும் நான்கு உடைந்தன. உடைந்ததற்குப் பதில் சிங்க் பூசிய போல்ட் போட்டோம்.

பானட், மட்கார்டு, பின்கதவுக்கு ஜெல்லி மாதிரி இருக்கும் பெயிண்ட் ரிமூவர், 5 லிட்டர். தடிமனாகப் பூசி, மேலே பாலிதீன் ஷீட்டைப் போர்த்தி 30 நிமிடம் விட்டால்தான் வேலை செய்யும். போர்த்தாமல் விட்டால் பத்து நிமிடத்தில் காய்ந்து, மேல் அடுக்கை மட்டும் சுருக்கிவிட்டு நின்றுவிடுகிறது. இரண்டு பூச்சில் நீலம் வரை போனது, மூன்றாவதில் தகடு தெரிந்தது. சுரண்டும் பட்டித் தகட்டின் விளிம்பை மழுக்கி வைத்துக்கொண்டால் வண்டித் தகட்டில் கீறல் விழாது. கையில் சாதாரண மெல்லிய கையுறை போட்டால் ரிமூவர் அதையும் கரைத்துவிடும், அந்த ரிமூவரைத் தாங்கும் தடித்த கையுறைதான் சரி. வேலை திறந்த வெளியில்தான், ஷெட்டுக்குள் கூடாது. அந்த ஆவி மண்டையைச் சுற்ற வைப்பதோடு நிற்காது.

பாடிக்கு ஆங்கிள் கிரைண்டரில் கப் பிரஷ்ஷும் ஃபிளாப் டிஸ்க்கும். பானட் போன்ற அகலத் தகட்டில் கிரைண்டரை ஒரே இடத்தில் நிறுத்தினால் தகடு சூடாகி அலையடிக்கும். மணல் பீய்ச்சும் பட்டறையும் பானட்டுக்கு வேண்டாம், மணல் மோதும் அடியிலும் தகடு நெளியும். பழைய சிந்தெடிக் எனாமலில் ஈயம் இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. இந்தியாவில் வீட்டு, அலங்காரப் பெயிண்ட்டுகளுக்கே 90 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 90 பங்கு) ஈய வரம்பு 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. ஆகவே முடிந்த இடத்தில் எல்லாம் தண்ணீர் போட்டுத் தேய்ப்பதும், கிரைண்டர் வேலைக்கு முறையான தூசி மாஸ்க்கும் அவசியம். முகத்தில் கட்டும் கர்ச்சீப்பால் பயனில்லை.

தரை: உர மூட்டை செய்த வேலை

பின்தரையில் துரு ஒரே சீராக இல்லை. மூட்டை வைக்கும் இடத்தில் மட்டும் குழி குழியாக, அம்மி கொத்தியது போல. காரணம் பொட்டாஷ். தோட்டத்துக்குப் போகும் மியூரியேட் ஆஃப் பொட்டாஷ் என்பது பொட்டாசியம் குளோரைடு, அதாவது உப்புக்கு உறவு. மூட்டையிலிருந்து சிந்தியது மலைப்பனியில் கசிந்து, மாதக்கணக்கில் தகட்டில் ஊறியிருக்கிறது.

இங்கே எல்லோரும் அவசரப்படுவார்கள். துருவைச் சுரண்டி, உடனே பாஸ்பாரிக் அமிலம் கலந்த ரஸ்ட் கன்வெர்ட்டரை (துருவைக் கெட்டிப் படலமாக மாற்றும் திரவம்) தடவிவிடுவார்கள். குழிக்குள் இருக்கும் உப்பு அப்படியே இருக்கும், மேலே எவ்வளவு நல்ல பிரைமர் அடித்தாலும் அடியிலிருந்து துரு கிளம்பும். முதலில் நல்ல தண்ணீரைப் பிரஷரில் பீய்ச்சி, காயவைத்து, கம்பி பிரஷ் போட்டு, மறுபடி பீய்ச்ச வேண்டும். மூன்று முறை செய்தோம். அதன் பிறகுதான் கன்வெர்ட்டர். அதையும் தடவிவிட்டு மறந்துவிடக் கூடாது, வேலை செய்யாத அமிலம் மேலே நின்றால் எபாக்சி பிரைமர் (இரண்டு பாகம் கலந்து அடிக்கும் அடிப்பூச்சு) அங்கே சரியாக இறுகாது. தண்ணீரில் கழுவித் துடைத்து, ஹீட் கன்னால் மூட்டு மூட்டாக உலர்த்தினோம்.

ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பார்த்ததில் மூன்று இடம் ஓட்டை. ஒன்றில் யாரோ எபாக்சிப் பசையை உருட்டி அடைத்து மேலே தார் பூசியிருந்தார்கள். அந்த அடைப்பு தண்ணீரைத் தடுக்கவில்லை, உள்ளே தேக்கி வைத்திருந்தது. சுற்றிலும் நல்ல தகடு வரும்வரை வெட்டி, 18 கேஜ் தகட்டில் துண்டு வைத்து டிங்கர் வெல்டிங் செய்தார். தொடர்ச்சியாக இழுக்காமல், ஒரு பொட்டு இங்கே, அடுத்த பொட்டு எதிர்ப்பக்கம் என்று வைத்ததால் தரை முறுக்கவில்லை. தரைக்குக் கீழே குறுக்கே ஓடும் சேனல்களில் மண் அடைத்து நின்றது. தூர்ந்துபோன வடிகால் ஓட்டைகளை 10 மில்லிமீட்டர் டிரில்லால் திறந்ததும் அரைச் சட்டி செம்மண் கொட்டியது.

ரெட் ஆக்சைடு: தப்பு இங்கேதான்

தகடு திறந்துவிட்டது. எபாக்சி பிரைமர் தேனியில் கைவசம் இல்லை, மதுரையிலிருந்து வர இரண்டு நாள் ஆகும் என்றார்கள். திறந்த தகட்டை இரவுப் பனியில் விட முடியாது, காலையில் மஞ்சள் பூத்துவிடும். அதனால் பக்கத்து ஹார்டுவேர் கடையில் கிடைத்த சாதாரண ரெட் ஆக்சைடு பிரைமரைப் பின்கதவுக்கும் இடது மட்கார்டுக்கும் பாடியின் இடது பக்கத்துக்கும் அடித்தோம். கேட்டுக்கும் கிரில்லுக்கும் அடிக்கிற அதே டப்பா. மறுநாளே தொட்டால் ஒட்டவில்லை. மூன்று நாள் விட்டு, லேசாகத் தேய்த்து, அதன் மேல் ஹார்டனர் (இறுக வைக்கும் திரவம்) கலந்த பி.யு. (பாலியூரித்தேன்) சர்ஃபேசரை, அதாவது மேடுபள்ளத்தைச் சமன் செய்யும் அடிப்பூச்சை, ஸ்ப்ரே கன்னில் அடித்தோம்.

பத்து நிமிடம் நன்றாக இருந்தது. பிறகு பின்கதவின் மேல் மூலையில் ஒரு சுருக்கம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது கீழே பரவி, கதவு முழுக்கப் பால் ஆடை மாதிரி நெளிந்துவிட்டது. விரலால் தள்ளினால் சிவப்பும் சாம்பலும் சேர்ந்து தோலாகக் கழன்றது.

காரணம் எளிது. ரெட் ஆக்சைடு டப்பாவில் இருப்பது எண்ணெய் சார்ந்த ஆல்கிட். அது காற்றிலுள்ள ஆக்சிஜனை மெதுவாக எடுத்துத்தான் இறுகும். மேலே காய்ந்தது போலத் தெரிந்தாலும் உள்ளே முழுதாக இறுக வாரங்கள் ஆகும். பி.யு. தின்னரில் இருக்கும் கரைப்பான்கள் அதைவிட உக்கிரமானவை, பாதி இறுகிய படலத்தை ஊறவைத்துத் தூக்கிவிடும். சிந்தெடிக் எனாமலின் மேல் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்ட் அடித்தாலும் இதே கதைதான். இறுகாததன் மேல் உக்கிரமானது ஏறாது. அதே ரெட் ஆக்சைடின் மேல் சிந்தெடிக் எனாமல் அடித்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது, ஏனென்றால் இரண்டும் ஒரே குடும்பம். ரெட் ஆக்சைடு கெட்ட பிரைமர் இல்லை, இந்த இடத்துக்கு அது இல்லை, அவ்வளவே.

இதை முன்னாலேயே கண்டுபிடிக்க ஒரு நிமிடம் போதும். நீங்கள் மேலே அடிக்கப்போகும் பெயிண்ட்டின் தின்னரில் வெள்ளைத் துணியை நனைத்து, பழைய பரப்பில் ஒரு நிமிடம் வைத்து அழுத்தித் தேய்க்கவும். துணியில் நிறம் ஏறினாலோ, பரப்பு பிசுபிசுத்தாலோ அதன் மேல் அடிக்கக் கூடாது. பானட்டில் உரியாமல் எஞ்சியிருந்த சாம்பல் பிரைமர் இந்தச் சோதனையில் தப்பித்தது. மூன்று நாள் வயதான ரெட் ஆக்சைடு, தேய்த்த உடனே துணியைச் செங்கல் நிறமாக்கிவிட்டது. சோதனையைச் செய்தது கதவு நெளிந்த பிறகு.

மூன்று பாகத்தையும் மறுபடி தகடு வரை உரித்தோம். சேதம் நேரடியாக 1,680 ரூபாய், இரண்டு நாள்.

எபாக்சி, பட்டி, சர்ஃபேசர்

எபாக்சி பிரைமர் கலக்கும்போது டப்பாவில் போட்டிருக்கும் விகிதத்தை அளவுக் கப்பில் பார்த்துக் கலக்க வேண்டும், கண்மதிப்பு உதவாது. கலந்ததும் 20 நிமிடம் அப்படியே வைத்துவிட்டுத்தான் கன்னில் ஊற்ற வேண்டும் என்று எங்கள் டப்பாவில் இருந்தது. உள்ளும் புறமும் இரண்டு கை (இரண்டு பூச்சு) அடிக்கச் சுமார் 3 லிட்டர் கலவை தீர்ந்தது. அடுத்த அடுக்கை டப்பாவில் சொன்ன நேரத்துக்குள் அடித்துவிட்டால் தேய்க்க வேண்டியதில்லை, தாண்டிவிட்டால் 320 தாளால் மறுபடி தேய்த்தாக வேண்டும். பாடியின் உள்பக்கம் ஒரு நாள் தள்ளிப்போனதால் மூலை முடுக்கெல்லாம் கையாலேயே தேய்க்க நேர்ந்தது.

பட்டி எபாக்சியின் மேல்தான், தகட்டின் மேல் இல்லை. ஆசிட் எட்ச் பிரைமர் (அமிலத்தால் தகட்டை அரித்துப் பிடிக்கும் வகை) அடித்திருந்தால் அதன் மேல் நேராகப் பாலியெஸ்டர் பட்டி போடக் கூடாது, அமிலம் ஹார்டனரைக் கெடுத்துப் பிடிப்பு போய்விடும். நெளிவைச் சுத்தியும் டாலியும் (பின்னால் முட்டுக் கொடுக்கும் இரும்புக்கட்டை) வைத்து எவ்வளவு எடுக்க முடியுமோ அவ்வளவு எடுத்த பிறகு மிச்சத்துக்குத்தான் பட்டி, அதிகபட்சம் 3 மில்லிமீட்டர். 100 கிராமுக்கு ஹார்டனர் 2 கிராம். "சீக்கிரம் காயட்டும்" என்று கூடுதலாகப் பிதுக்கினால், மிஞ்சும் பெராக்சைடு மேலே ஏறி வெள்ளைப் பெயிண்ட்டில் மஞ்சள் திட்டாகத் தெரியும். மதிய வெயிலில் கலவை ஐந்து நிமிடத்தில் கட்டியாகிவிடுகிறது, அதனால் எலுமிச்சம்பழ அளவுக்கு மேல் கலக்கவில்லை. 80, 120, 180 என்று தாளை ஏற்றிக்கொண்டே போனோம். பட்டியை நனைத்துத் தேய்க்கக் கூடாது, அது தண்ணீரைக் குடித்து வைத்துக்கொண்டு பிறகு கொப்புளமாக விடும்.

மூட்டுகளில் எல்லாம் பி.யு. சீலன்ட், எபாக்சிக்குப் பிறகு, மேல் பெயிண்ட்டுக்கு முன்பு. மூன்று டியூப். அதன் பிறகு சர்ஃபேசர் இரண்டு கை, 1.8 நாசிலில்.

சர்ஃபேசரின் மேல் கறுப்பு ஸ்ப்ரேயைத் தூரத்திலிருந்து லேசாகத் தூவிவிட்டு, மரக்கட்டையில் 400 வாட்டர் பேப்பரைச் சுற்றித் தேய்த்தோம். மேட்டில் கறுப்பு போய்விடும், பள்ளத்தில் தங்கும். பானட்டின் வலது ஓரத்தில் கையால் தடவியபோது தெரியாத ஒரு பள்ளம், கறுப்புப் பிறை மாதிரி பளிச்சென்று நின்றது. இந்த வேலையில் மிகவும் மலிவான கருவி அந்த ஸ்ப்ரே டப்பாதான்.

நிறம்

ஜீப் என்றாலே பட்டாளப் பச்சை கேட்பார்கள். அடிக்க முடியாது. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989, விதி 121 படி ஆலிவ் பச்சை பாதுகாப்புத் துறை வண்டிகளுக்கு மட்டும். வேறு நிறத்துக்கு மாற்றினாலும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். இந்த வண்டியின் ஆர்.சி.யில் வெள்ளை என்றே இருந்தது. பச்சையும் நீலமும் நடுவில் யாரோ சொல்லாமல் அடித்தவை. வெள்ளைக்கே திரும்பியதால் அலைச்சல் மிச்சம்.

மேல் பெயிண்ட்

ஒற்றை நிற பி.யு., தனி கிளியர் கோட் இல்லாதது. தோட்ட வண்டியில் மரக்கிளை உரசிக்கொண்டே இருக்கும், கீறிய இடத்தை மட்டும் தேய்த்துத் திருப்பி அடிக்க இதுதான் வசதி. எங்கள் டப்பாவில் 2:1 ஹார்டனர், தின்னர் 10 சதவீதம். 3 லிட்டர் பெயிண்ட், ஒன்றரை லிட்டர் ஹார்டனர் வாங்கியதில் கால் லிட்டர் மிஞ்சியது.

ஷெட்டைச் சுற்றித் தார்ப்பாய் கட்டி, தரையை நனைத்து, காலை ஒன்பது மணிக்குப் பனி விலகிய பிறகு தொடங்கி, பன்னிரண்டுக்குள் முடித்தோம். ஆடியில் இந்தப் பக்கம் இதை யோசிக்கவே வேண்டாம். அம்மியே பறக்கும் காற்றில் தூசி பறக்காதா?

கம்ப்ரஸர் 2 ஹெச்.பி., வாடகைக்கு. முதல் நாள் சோதனைத் தகட்டில் அடித்தபோது பெயிண்ட்டில் ஊசிமுனைக் கொப்புளங்கள். காற்றுக் குழாயில் தண்ணீர். வாட்டர் டிராப் (காற்றிலிருந்து தண்ணீரைப் பிரிக்கும் கருவி) டாங்கியின் வாயிலேயே பொருத்தப்பட்டிருந்தது. அங்கே காற்று இன்னும் சூடாக, தண்ணீர் ஆவியாகவே இருக்கும், டிராப் அதைப் பிடிக்காது. 10 மீட்டர் ஹோஸைச் சுருட்டி ஈரச் சாக்கின் மேல் போட்டு, அதன் மறுமுனையில் டிராப்பை மாற்றியதும் கொப்புளம் நின்றது. டாங்கியின் அடிக்குழாயை மணிக்கு ஒரு முறை திறந்துவிட்டோம்.

கன் 1.4 நாசில், டிரிகரை அழுத்தியிருக்கும்போது 2 பார். தூரம் ஒரு சாண், ஒவ்வொரு இழுப்பும் முந்தினதில் பாதியை மூடும்படி. முதல் கை மெல்லியதாக, 12 நிமிடம் கழித்து ஈரமாக இரண்டாவது, இன்னொரு 15 நிமிடம் கழித்து மூன்றாவது. முதல் நாள் பாடியின் உள்பக்கம், மறுநாள் வெளிப்பக்கம், கழற்றிய பாகங்கள் தனியாக. பானட்டைப் படுக்க வைத்து அடித்ததில் நல்ல மினுமினுப்பு, ஆனால் பூச்சிகள் இரண்டு குளித்துவிட்டன.

துடைக்கப் பனியன் வேஸ்ட் வேண்டாம். நூல் விடும், சில கட்டில் எண்ணெயும் இருக்கும். டாஷ்போர்டில் பாலிஷின் சிலிக்கான் ஒட்டியிருந்த இடத்தில் பெயிண்ட் மீன்கண் மாதிரி விலகியது. நூல் விடாத இரண்டு துணி, ஒன்றில் கிரீஸ் ரிமூவர், அது காயும் முன்பே மற்றதால் துடைப்பது, இதுதான் முறை.

பி.யு. ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. நுரையீரலுக்கு அது ஒருமுறை ஒவ்வாமல் போனால் பிறகு துளி பட்டாலும் மூச்சுத் திணறும். ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிட்ஜ் உள்ள அரைமுக மாஸ்க், கண்ணாடி, முழுக்கைச் சட்டை இல்லாமல் டிரிகரைத் தொடக் கூடாது. மாஸ்க்கும் கார்ட்ரிட்ஜும் 1,800 ரூபாய்.

பின்கதவின் கீழ் ஓரத்தில் ஒரு வழிசல். ஈரத்தில் தொடாமல் மூன்று நாள் விட்டு, 1000, 2000 தாள், பிறகு காம்பவுண்டு. வாக்ஸ் ஒரு மாதத்துக்குப் பிறகுதான்.

கணக்கு

டிங்கர் கூலியும் தகடும் வெல்டிங்கும் 7,500. பி.யு. செட் 5,400. எபாக்சி 3,200, சர்ஃபேசர் 2,100. டிஸ்க், பிரஷ், தாள் 2,150. ரிமூவர் 1,900, தின்னர் 1,250, சீலன்ட் 900, பட்டி 700, டேப் வகையறா 600. மாஸ்க் 1,800. கம்ப்ரஸர், கன் வாடகை நான்கு நாளுக்கு 2,000. போல்ட், பீடிங் ரப்பர், அடிப்பேட் 1,900. ரெட் ஆக்சைடுத் தண்டம் 1,680. மொத்தம் 33,080. உரித்தலும் தேய்ப்பும் அடிப்பதும் நாங்களே செய்ததால் கூலி டிங்கருக்கு மட்டும்.

அடுத்த முறை

பிரைமர் கைக்கு வந்த பிறகே முதல் தகட்டைத் திறப்பது. ஒரு நாளில் எபாக்சி அடித்து முடிக்கக்கூடிய அளவுக்கு மட்டும் உரிப்பது. பாடியைத் தூக்கிவிட்டு சேனல்களின் உள்பக்கமும் அடிப்பது. இப்போது அங்கே நீள நாசிலால் வாக்ஸ் பீய்ச்சி வைத்திருக்கிறோம், அதையும் எல்லாப் பெயிண்ட்டும் காய்ந்த பிறகுதான் செய்தோம், முன்னால் செய்திருந்தால் அந்தப் பக்கம் பெயிண்ட்டே ஒட்டியிருக்காது. பின்தரையில் சட்டம் அடித்த பலகை போட்டிருக்கிறது, பொட்டாஷ் மூட்டை இனித் தகட்டில் உட்காராது.

30 நாள் கழித்து சீட்டுக்கு அடியில் அதே பிளேடு, அதே டேப். ஒரு கட்டமும் வரவில்லை. ஆனால் ஐந்தாவது வாரம் பானட்டின் முன் மடிப்பில், கொக்கிக்குப் பக்கத்தில், கடுகளவில் இரண்டு கொப்புளம். பாடி மூட்டுகளில் ரிமூவர் படக் கூடாது என்று கிரைண்டர் பிடித்தவர்கள், பானட்டுக்கும் ஒரு மடிப்பு உண்டு என்பதைக் கவனிக்கவில்லை. ஒன்றைக் குத்திப் பார்த்தால் உள்ளே ரிமூவர் வாடை. மடிப்பை நெம்பித் திறந்து கழுவாமல் அது நிற்காது, அதற்குப் பானட்டை மறுபடி கழற்ற வேண்டும். மிஞ்சிய கால் லிட்டர் வெள்ளை, ஹார்டனரோடு சேர்க்காமல் இறுக மூடி வைத்திருக்கிறது.